பல நாடுகளில் விற்கப் போகும் நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரே நாட்டுச் சந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் இப்போது பல நாடுகளுக்குப் பொறுப்பேற்றிருக்கிறாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். விடுதி அறைச் சுவர் முழுக்கப் பத்திரிகை விளம்பரங்களை வெட்டி ஒட்டியவன் நீ. இந்த வேலை உன்னைத் தேடி வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

என் பக்கத்துச் செய்தி, மாலை நேர வகுப்பு ஒன்றில் மார்க்கெட்டிங் பாடம் நடத்த ஆரம்பித்திருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதனால் பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டே நடத்துகிறேன். பிள்ளைகள் நன்றாகக் கேள்வி கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்காகப் பழைய கட்டுரைகளையெல்லாம் மறுபடி எடுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் உன் கடிதமும் வந்தது.

எல்லா நாட்டுக்கும் ஒரே பொருள், ஒரே டப்பா, ஒரே விளம்பரப் படம் என்று தலைமை அலுவலகம் சொல்கிறது. "எங்கள் ஊர் வேறு, எல்லாவற்றையும் நாங்களே செய்துகொள்கிறோம்" என்று ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் சொல்கிறது. நடுவில் நீ. இரண்டு பக்கமும் பாதிப் பாதி விட்டுக்கொடுக்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தலைமை அலுவலகத்தின் பக்கத்தைப் பார்ப்போம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த தியோடர் லெவிட், உலகச் சந்தைகள் ஒன்றாகிக்கொண்டு வருகின்றன என்று 1983-ல் எழுதினார். அதில் ஹூவர் கம்பெனியின் சலவை இயந்திரத்தைப் பற்றி ஒரு பகுதி வரும். எப்படிப்பட்ட இயந்திரம் வேண்டும் என்று ஹூவர் பல ஐரோப்பிய நாட்டு மக்களைக் கேட்டது. துணியை மேலே போட வேண்டும் என்றது ஒரு நாடு, முன்பக்கம் போட வேண்டும் என்றது இன்னொன்று. சுழலும் வேகத்திலும் அகலத்திலும் கூட ஆளுக்கொரு விருப்பம். அத்தனைக்கும் தனித்தனியாகச் செய்து கொடுத்தால் செலவு எங்கே போய் நிற்கும்? அதே காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த எளிமையான, விலை குறைந்த இயந்திரங்களை அதே மக்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். வாயால் கேட்பது ஒன்று, காசு கொடுத்து வாங்குவது வேறொன்று என்றார் லெவிட். உன் நாட்டு அலுவலகங்கள் ஆய்வு அறிக்கைகளோடு வரும்போது இதை மறந்துவிடாதே.

ஆனால் லெவிட் சொன்னதை முழுக்க நம்பிப் போனவர்களும் அடிபட்டிருக்கிறார்கள், நேர் எதிராகப் போனவர்களும் அடிபட்டிருக்கிறார்கள். கோக-கோலாவை எடுத்துக்கொள். 2000-ல் டக்ளஸ் டாஃப்ட் தலைமைக்கு வந்ததும், யோசிப்பதும் உள்ளூரில், செய்வதும் உள்ளூரில் என்று அறிவித்தார். தலைமையகத்தில் ஆட்களைக் குறைத்து, விளம்பர முடிவுகளை நாடுகளுக்கே கொடுத்தார். சில நாடுகளில் அந்த பிராண்டுக்குச் சற்றும் பொருந்தாத விளம்பரங்கள் வந்தன. 2002-ல் விளம்பரத்தின் பிடி மறுபடி தலைமையகம் இருக்கும் அட்லாண்டாவுக்கே போய்விட்டது. இரண்டே ஆண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அதனால்தான் பாதிப் பாதி என்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. எதில் பாதி என்று யாரும் கேட்பதில்லையே.

உன் தலைமை அலுவலகமும் நாட்டு அலுவலகங்களும் சண்டை போடுவதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களுக்காக. விளம்பரத்தில் யார் முகம், டப்பாவில் என்ன நிறம், பின்னணியில் என்ன இசை. வாங்குகிறவர் அந்தப் பொருளை எங்கே வைக்கிறார், எப்படிப் பயன்படுத்துகிறார், எதில் பணம் கட்டுகிறார், பழுதானால் யாரிடம் கொண்டுபோகிறார் என்பதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசுவதில்லை. முகத்தை மாற்றிவிட்டு உள்ளே இருப்பதை அப்படியே அனுப்புவதுதான் பெரும்பாலான கம்பெனிகளின் பழக்கம். நான் பார்த்தவரை, தோல்விகள் அங்கிருந்துதான் வருகின்றன.

ஜில்லெட் கதை இதற்கு நல்ல உதாரணம். இந்தியச் சந்தைக்காக அவர்கள் வெக்டர் என்ற ரேசரைச் செய்தார்கள். அடர்த்தியான முடி சிக்கிக்கொள்ளாமல் தள்ளிவிட அதில் ஒரு பட்டையும் வைத்தார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். 2002-ல் சந்தைக்கு வந்தபோது அது சரியாக வேலை செய்யவில்லை. காரணம், அந்த மாணவர்கள் குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் கழுவினார்கள். சந்தையில் இருந்தவர்களில் பலர் ஒரு கோப்பைத் தண்ணீரை வைத்துக்கொண்டு மழித்தார்கள், அதில் அலசினால் முடி வெளியே வரவில்லை. சோதித்தவர்கள் இந்தியர்கள்தான், ஆனால் அவர்கள் நின்ற குளியலறை இந்தியாவில் இல்லை. பிறகு கம்பெனி ஆட்கள் வீடு வீடாகப் போய், மழிக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் 2010-ல் வெளியான கார்டு ரேசர். ஒரே பிளேடு, குறைந்த பாகங்கள், எளிதாக அலசிவிடலாம். இதை விளம்பரத்தால் சரிசெய்திருக்க முடியாது என்பதை உன் கூட்டத்தில் அழுத்திச் சொல்.

இணைய விற்பனைத் தளமான ஈபே சீனாவில் பட்டது இன்னும் கனமான பாடம். அங்கே ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த ஈச்நெட் என்ற தளத்தை 2003-ல் முழுவதுமாக வாங்கினார்கள். ஆளும் அனுபவமும் சந்தைப் பங்கும் கையில் இருந்தன. அடுத்த ஆண்டே அதைத் தங்கள் உலகளாவிய கணினி அமைப்புக்கு மாற்றினார்கள். உலகம் முழுக்க ஒரே அமைப்பு என்பது செலவுக் கணக்கில் அழகாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் உள்ளூரில் ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் தலைமையகத்தின் வரிசையில் நிற்க வேண்டிய நிலை. சீனக் கம்பெனியான அலிபாபா 2003-ல் தொடங்கிய தாவ்பாவ் என்ற தளம், பொருளைப் பட்டியலிடக் கட்டணம் வாங்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் நேரடியாகப் பேசிக்கொள்ளவும் பேரம் பேசவும் வழி வைத்தது. பொருள் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் பிடித்து வைக்கும் ஏற்பாட்டையும் கொண்டுவந்தது. முன்பின் தெரியாதவரிடம் வாங்கப் பயந்தவர்களுக்கு அந்த நம்பிக்கைதான் தேவையாக இருந்தது. 2006 முடிவதற்குள் ஈபே தன் சீனத் தளத்தை மூடி, உள்ளூர்க் கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைத்தது. நிலைமை தெரிந்த ஆட்கள் அந்த நாட்டிலேயே இருந்தார்கள். முடிவெடுக்கும் உரிமைதான் அங்கே இல்லாமல் போனது. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், வேற்றுமை என்றாலே பண்பாடு என்று எடுத்துக்கொள்ளாதே. வணிகப் பேராசிரியர் பங்கஜ் கெமாவத் 2001-ல் எழுதியது இங்கே உதவும். பண்பாடு, நிர்வாகம், நிலம், பொருளாதாரம் என்று நாடுகளுக்கு இடையிலுள்ள தூரத்தை நான்காகப் பிரித்தார். நிர்வாகத் தூரத்தைத்தான் நம் ஆட்கள் கடைசியில் பார்க்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது, 1980-லிருந்தே சட்டம் இருக்கிறது. மக்களின் சொந்த விவரங்களைக் கம்பெனிகள் சேர்ப்பதையும் பயன்படுத்துவதையும் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. உன் ஒரே விளம்பரப் படம் எவ்வளவு நன்றாக எடுக்கப்பட்டிருந்தாலும் இந்தச் சுவர்களைத் தாண்டாது. விளம்பரக் கதை எழுதும்போதே சட்ட ஆலோசகரைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அப்படியானால் எதை மாற்றவே கூடாது? வாங்குகிறவருக்குக் கொடுத்த வாக்கை. ஸ்வீடனில் தொடங்கிய மரச்சாமான் கம்பெனி ஐகியா 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது கட்டில்களைச் சென்டிமீட்டர் அளவிலேயே கொண்டுபோனது. அங்கே விற்கும் விரிப்பு எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. குடிக்கும் கண்ணாடிக் குவளைகள் சின்னதாக இருந்ததால் சிலர் பூச்சாடிகளை வாங்கிக் குவளையாகப் பயன்படுத்தினார்கள். ஐகியா அளவுகளை மாற்றியது. நல்ல வடிவம், குறைந்த விலை, நீயே எடுத்துப்போய் பாகங்களை நீயே பொருத்திக்கொள் என்ற அடிப்படையைத் தொடவில்லை. அளவு பயன்பாட்டைச் சேர்ந்தது, அடிப்படை வாக்கைச் சேர்ந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் உன் வேலையில் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

உள்ளூரில் பிறந்தது உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்றும் இல்லை. ரெட் புல் தாய்லாந்தில் விற்றுக்கொண்டிருந்த ஒரு பானம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த டீட்ரிஷ் மாடெஷிட்ஸ் அதைப் பார்த்துவிட்டு, அதன் உரிமையாளரோடு கூட்டுச் சேர்ந்து, சுவையை மாற்றி, வாயு சேர்த்து 1987-ல் தன் நாட்டில் இறக்கினார். அங்கிருந்து அது உலகம் முழுக்கப் போனது. அதனால் உன் நாட்டு அலுவலகங்களிடம் "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதே. "மற்ற நாடுகளுக்குத் தர உங்களிடம் என்ன இருக்கிறது" என்றும் கேள். இந்தக் கேள்வியைக் கேட்ட தலைமை அலுவலகங்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், ஒரு தாளை எடுத்து, மாற்றக் கூடாதவற்றை மட்டும் எழுது. ஐந்தாறுக்கு மேல் போனால் நீ நிறத்தையும் எழுத்துருவையும் சேர்த்துவிட்டாய் என்று அர்த்தம். மற்ற ஒவ்வொன்றுக்கும் யார் முடிவெடுப்பார் என்று ஒரே ஒரு பொறுப்பாளரைக் குறி, குழு என்று எழுதாதே. தலைமை அலுவலகத்தைக் கேட்காமலே உள்ளூர் மேலாளர் செலவழிக்கக்கூடிய ஒரு தொகையையும் வாங்கிக் கொடு. உரிமை இருக்கிறது, பட்ஜெட் இல்லை என்றால் அந்த உரிமையால் ஒன்றும் நடக்காது.

தாள் தயாரானதும் கூட்டத்துக்கு முன்பே எனக்கு ஒரு பிரதி அனுப்பு. நீ சம்மதித்தால், கம்பெனி பெயரை எடுத்துவிட்டு என் வகுப்பிலும் பேசச் சொல்கிறேன், பிள்ளைகள் உனக்கு நல்ல எதிர்க்கேள்விகள் அனுப்புவார்கள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்