மேட்டு வீட்டாருக்கும் மற்ற எல்லோருக்கும்: எங்கள் வாய்க்காலுக்காக ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாரிக்குக் கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறவில்லை. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வெட்டிய வெள்ள வாய்க்கால்தான் காரணம். வெளியூரில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு செய்தியா என்று தோன்றும். 2018 மார்கழியிலும், 2020 புரெவிப் புயலிலும், 2024 கார்த்திகைத் தாழமுக்கத்திலும் நெல் மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்தவர்களுக்கு இதைவிடப் பெரிய செய்தி இல்லை. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி ஒழுங்கையின் மேட்டுப் பக்கத்து வீட்டாருக்கு. அவர்கள் வீட்டுக்குள் இதுவரை வெள்ளம் வந்ததில்லை, இனியும் வராது. "எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நாங்கள் ஏன் காசு தரவேணும்?" என்று சனசமூக நிலையத்தில் நடந்த முதல் கூட்டத்தில் கேட்டதும் அவர்கள்தான். நியாயமான கேள்வி. பள்ளத்தில் இருக்கிற எங்களிடம் அதற்குக் கோபம் இருந்ததே தவிர பதில் இருக்கவில்லை. மேட்டிலேயே குடியிருக்கிற கணித மாஸ்டர்தான் எழுந்துபோய்க் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். அரை ஏக்கர் வளவில் 100 மில்லிமீற்றர் பெய்தால் 2 இலட்சம் லீற்றர். ஆவணியில் வெறும் வாளியோடு நாங்கள் காத்துக்கொண்டு நிற்போமே 5,000 லீற்றர் தண்ணீர் பவுசர், அதில் 40 பவுசர். ஐப்பசியில் நிலம் கொஞ்சம் குடிக்கும், கார்த்திகை நடுவில் அதற்கும் வயிறு நிறைந்துவிடும். கூரையும் சீமெந்து முற்றமும் ஒருநாளும் குடிப்பதில்லை. "என்ர வளவுத் தண்ணிதான் உங்கட குசினிக்குள்ள வருது. அதுக்கு நான் காசு தராமல் வேற ஆர் தாறது?" என்று கேட்டுவிட்டு வெண்கட்டியை வைத்தார். அதற்குப் பிறகு கூட்டத்தின் பேச்சே மாறிவிட்டது.

கணக்கை எல்லோரும் கேட்கிறீர்கள், ஆகவே எழுதிவிடுகிறேன். வீதியைக் குறுக்கறுக்கும் மதகு பிரதேச சபையின் பொறுப்பு. மிச்சச் செலவில் பாதி எல்லா வீட்டுக்கும் சமம், மறுபாதி காணியின் அளவுப்படி. காசாகத் தர முடியாத வீட்டார் வேலையாகத் தரலாம். ஒரு நாள் வேலை, அன்றைய கூலி விலைக்குக் கொப்பியில் வரவாக எழுதப்படும். இது யாருக்கும் முழுத் திருப்தி தரவில்லை. பெரிய காணிக்காரர் முகம் சுளித்தார்கள், சின்ன வளவுக்காரர் சமபங்கு கூட என்றார்கள். இரண்டு பக்கமும் முணுமுணுத்தால் கணக்குச் சரி என்பது என் அபிப்பிராயம். பூட்டிக் கிடக்கிற வெறுங்காணிகளின் சொந்தக்காரரில் சிலர் தகவல் கிடைத்த அன்றே பங்கை அனுப்பினார்கள். சிலர் வாட்ஸப்பில் நீலக் கோடு காட்டியதோடு சரி. அந்தப் பங்கையும் சேர்த்துச் சுமந்தது பக்கத்து வளவுக்காரர். அவருக்குத் தனி நன்றி.

சுவிசில் இருக்கிற எங்கள் ஒழுங்கைப் பிள்ளை ஒருவர் முழுச் செலவையும் தான் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். தம்பி கோபிக்கவில்லை என்று நம்புகிறேன். வெளியிலிருந்து ஒருவர் கட்டித் தந்த வாய்க்காலில் சேறு நிறைந்தால், அவரே வந்து துப்புரவாக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்கள்தானே நாங்கள். அவர் பெற்றோரின் காணிக்குரிய பங்கையும், மேலதிகமாக மூடு கற்களுக்கான காசையும் மட்டும் வாங்கினோம்.

இனித் திட்டம் போட்ட கதை. வெள்ளம் வந்தால் இரணைமடுப் பெரிய குளத்தைத் திட்டுவது இங்கே வழக்கம். வான்கதவு திறந்ததால் பாதிக்கப்பட்ட ஊர்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் நின்றதோ எங்கள் தலைக்கு மேல் பெய்த மழை மட்டும். போர் முடிந்து 2010இல் மீளக்குடியேறியபோது எல்லோருக்கும் தகரக் கொட்டிலும் கதியால் வேலியும்தான். வேலிக்குள்ளால் தண்ணீர் தன்பாட்டில் போனது. பிறகு கல்வீடு வந்தது, மதில் வந்தது, கிரவல் பறித்து முற்றத்தை உயர்த்தினோம். ஒழுங்கையும் கொங்கிறீற் ஆனது, இரண்டு பக்க வளவுகளையும்விட உயரமாக. தண்ணீருக்குப் போக இடமில்லை.

வாய்க்காலை ஏ9 வீதிப் பக்கம் கொண்டுபோவோம் என்றுதான் முதலில் எல்லோரும் சொன்னோம். ஆச்சி ஒருவர் மட்டும், அந்தக் காலத்தில் வெள்ளம் மருதமரத்தடியால் சின்னக் குளத்துக்குப் போனது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் மேசன் அண்ணை ஒரு நீட்டு வெள்ளைக் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒரு நுனியை அவர் பிடிக்க, மறு நுனியைப் பத்தாம் வகுப்புப் பெடியன் ஒருவன் பிடித்தான். கம்பத்துக்குக் கம்பம் போய், குழாயில் தண்ணீர் நிற்கிற மட்டத்துக்குக் கரியால் கோடு கீறினார்கள். நடுவில் காற்றுக் குமிழ் நின்றால் அண்ணை குழாயைத் தட்டி அதை வெளியேற்றாமல் ஒரு கோடும் கீறமாட்டார். மாலையில் கரிக்கோட்டிலிருந்து நிலம்வரை அளந்து பார்த்தால், வீதிப் பக்கம் எங்கள் வளவுகளைவிட ஒரு முழத்துக்குக் கிட்ட உயரம். சரிவு குளத்துப் பக்கம்தான். பிரதேச சபைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தன் கருவியோடு வந்து பார்த்தபோதும் அதே திசை. ஆச்சிக்கும் மேசன் அண்ணைக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

அந்த உத்தியோகத்தருக்கு இன்னொரு நன்றியும் உண்டு. மதகுக்கு ஓரடி விட்டக் குழாய் போதும், செலவு குறையும் என்று நாங்கள் நின்றோம். விட்டம் இரட்டித்தால் வாய் நான்கு மடங்காகும், ஓரடிக் குழாயை முதல் மழையிலேயே சருகும் பொலித்தீனும் அடைத்துவிடும் என்று சொல்லி இரண்டடிக் குழாய்க்குச் சம்மதிக்க வைத்தார். மதகு வேலை சுணங்கி எங்களைப் பதறவைத்தது உண்மைதான், ஐப்பசி பிறக்க முதல் முடிந்தது.

குளத்துக்குள் தண்ணீர் விட நாங்களே தீர்மானிக்க முடியாது. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாய்கிற சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை. விதானையார் (கிராம அலுவலர்) எங்களைக் கமநல சேவை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கமக்கார அமைப்பினர் தண்ணீர் வருவதில் சந்தோசப்பட்டாலும் இரண்டு நிபந்தனை வைத்தார்கள்: குளத்துக்கு முன்னால் மண் படிய ஒரு தொட்டி வேண்டும், குளியலறை, குசினிக் குழாய் ஒன்றும் வாய்க்காலில் சேரக்கூடாது. சவர்க்காரத் தண்ணீரில் நெல் விதைக்கமாட்டோம் என்றார்கள். அந்தத் தொட்டி இல்லாமல் போயிருந்தால் முதல் வெள்ளத்திலேயே எங்கள் கிரவலில் பாதி குளத்துக்குள் போயிருக்கும். போன மாதம் அதற்குள் இறங்கி அள்ளியவர்களுக்குத் தெரியும்.

வாய்க்காலுக்கு இடம் விட மதிலை இடித்து இரண்டடி உள்ளே கட்டித் தந்த குடும்பத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பத்திரத்தில் இருக்கிற காணியை யார் விடுவார்கள்? நட்டஈடு கேட்கவில்லை, புது மதிலுக்குச் சீமெந்து மட்டும் வாங்கினார்கள். பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) ஓட்டிய தம்பி தண்ணீர்க் குழாய் ஒன்றையும் உடைக்காமல் வெட்டி முடித்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்க அக்காமார் கொப்பியும் பற்றுச்சீட்டும் பார்த்தார்கள். அவர்கள் பிடித்த பிடியில் என்னால் ஒரு ஆணி வாங்கக்கூட வாயால் கணக்குச் சொல்ல முடியவில்லை. தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கிற தாய்மாருக்குப் பங்கு வேண்டாம் என்று தீர்மானித்திருந்தோம். அவர்கள் அதைக் காதிலும் போட்டுக்கொள்ளாமல் கல் சுமந்தார்கள், மத்தியானச் சோறும் ஆக்கினார்கள்.

வரவு செலவு முழுவதும் சனசமூக நிலையப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மிச்சக் காசு சங்கத்தின் வங்கிக் கணக்கில் இருக்கிறது, உடையும் மூடு கற்களை மாற்ற மட்டும். மண் தொட்டி அள்ளும் முறைப் பட்டியலும் அதே பலகையில். வரும் புரட்டாதியில் முதல் முறை மேட்டு வீட்டாருக்கு, அவர்களே கேட்டு வாங்கியது. மண்வெட்டியும் தாச்சியும் மாதர் சங்கக் கட்டடத்தில் இருக்கின்றன, திறப்பு பக்கத்துக் கடையில்.

நன்றியுடன்,
ஒழுங்கை ஆட்கள் சார்பில்,
வாய்க்கால் வேலையின் பொருளாளர்,
கிளிநொச்சி.