மாட்டுக்கு ஒரு நாள் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

தைப்பொங்கலுக்கு மறுநாள், பட்டிப்பொங்கலன்று, மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து மாலை போடுகிறோம். இப்போது வன்னியில் பெரும்பாலும் உழுவதும் வெட்டுவதும் இயந்திரம்தான். ஆனாலும் மாட்டை மறக்கவில்லை. சரி, மனிதருக்கு?

எங்கள் அலுவலகத்தில் ஓர் அக்கா 11 வருடம் கூட்டித் துடைத்துத் தேநீர் ஊற்றித் தந்தார். ஓய்வுபெற்ற அன்று பொன்னாடை போர்த்தி ஐந்து பேர் புகழ்ந்தோம். நானும் ஒருவன். முடிந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "இவ்வளவும் மனசுக்குள்ள இருந்ததோ தம்பி? ஒருநாளும் சொல்லேல்லையே." எனக்குப் பதில் வரவில்லை. இன்னும் வரவில்லை.

வயலிலும் இதே கதைதான். மழை குறைந்த சிறுபோக நெற்பருவத்தில் வாய்க்கால் தண்ணீர் அரை நாள் பிந்தினால், பங்கிடுகிறவரைத் தேடிப் போய்ச் சண்டை பிடிக்கிறோம். நேரத்துக்கு வந்தால் மண்வெட்டியோடு இறங்கிவிடுகிறோம், அவ்வளவுதான்.

'நன்றி' என்ற சொல் நாடகம் மாதிரி இருக்கிறது என்று பலர் கூசுகிறார்கள். எனக்கும் அந்தக் கூச்சம் உண்டு. அப்படியென்றால் அந்தச் சொல்லை விடுங்கள். "நீங்கள் நேற்றே அந்தக் கோப்புகளை எடுத்து வைத்தபடியால் இன்று அலையாமல் முடிந்தது" என்று செய்த காரியத்தைச் சொன்னாலே போதும். அலுவலகத்தில் இது பலிக்கிறது, நான் பார்த்துவிட்டேன்.

வீட்டில்தான் கொஞ்சம் கடினம். போன கிழமை சாப்பிட்டு எழும்பி, "கறி நல்லாயிருந்தது, நன்றி" என்றேன். மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலோ என்று.

வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி