'தகுந்தவாறு' என்றால் எத்தனை கிலோபாஸ்கல்?

கடல்சார் அடித்தள வழிகாட்டி வரைவுக் குழுவினருக்கு,

வணக்கம். வரைவின் மூன்றாம் பதிப்பு கிடைத்தது. களிமண்ணில் நிற்கும், மேலே மூடியும் கீழே திறப்புமுள்ள பெரிய உருளை அடித்தளமான சக்‌ஷன் கெய்சனை மேலே இழுக்கும்போது உள்ளே நீரழுத்தம் குறைந்து பிறக்கும் உறிஞ்சலைத் 'தகுந்தவாறு' கணக்கில் கொள்ளலாம் என்ற வரி, ஓர் எழுத்துக்கூடக் குலையாமல் அப்படியே இருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கேட்டதற்கு இதுதான் பதில் போலும். அந்தச் சொல்லை எத்தனை கிலோபாஸ்கல் அழுத்தம் என்று நான் கணக்கில் போடுவது?

உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. மூடி இறுகியிருந்து இழுப்பும் விரைவாக வந்தால், உள்ளிருக்கும் மண் கெய்சனோடு சேர்ந்தே எழப் பார்க்கும். அடியில் மண்ணின் தாங்குதிறன் தலைகீழாக, மேல்நோக்கிய இழுப்புக்கு எதிராக, வேலை செய்யும்; களிமண்ணின் வடிகாலற்ற வெட்டு வலிமையைப்போல் (நீர் நகர நேரமில்லாதபோது அது சறுக்கலைத் தாங்கும் வலிமை) ஏறத்தாழ 9 மடங்கு கிடைக்கும். இழுப்பு நீடித்தாலோ நீர் மெல்ல ஊறி உள்ளே வரும், உறிஞ்சல் கரையும். பிறகு மிஞ்சுவது சுவர் உராய்வும் எடையும்தான். புயலின் ஓர் அலைக்கும் நங்கூரச் சங்கிலியின் ஓயாத இழுப்புக்கும் ஒரே வரியா?

எங்கள் ஆய்வகத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள மாதிரி ஒன்றைக் களிமண்ணில் இறக்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை, விரைவாக இழுத்தபோது தாங்கியதில் பாதிகூட இல்லாத எடையைக் கப்பி வழியே தொங்கவிட்டோம். அளவுமானியின் முள் அசையவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். திங்கட்கிழமை காலை கெய்சன் மண்ணைவிட்டு வெளியேறிச் சாய்ந்து கிடந்தது. வால்வில் கசிவில்லை. நீரழுத்தப் பதிவைப் பார்த்தால், சனிக்கிழமை முழுவதும் உறிஞ்சல் சிறுகச் சிறுகச் செத்திருக்கிறது. நீர் ஊறும் காலம் விட்டத்தின் வர்க்கத்தோடு வளர்வது. அதே களிமண்ணில், அதே வடிவில், 10 மீட்டர் கெய்சனுக்கு அது 10,000 மடங்கு. ஆய்வகத்தின் ஒரு நாள் கடலடியில் சுமார் 27 ஆண்டுகள். கெய்சன் தாங்கும் கடல்மேடையின் ஆயுளே ஏறத்தாழ அவ்வளவுதானே? ஒரு நிமிடத்தில் இழுத்து முடிக்கும் மாதிரிச் சோதனை ஒரு வாரக் கதையைத்தான் சொல்லும்.

வட கடலின் கோர்ம் எண்ணெய்க் களத்தில் 1981இலேயே இத்தகைய கெய்சன்களை இறக்கிவிட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் மூடிக்கடியில் அளந்த அழுத்தங்கள் எத்தனை அலமாரிகளில் ரகசியமாக உறங்குகின்றனவோ! கருத்தரங்கு இடைவேளையில் காதோடு காதாகச் சொல்வார்கள், காகிதத்தில் மட்டும் வராது. பாதுகாப்புக் காரணியை (கணக்கிட்ட வலிமையை வகுக்கும் எண்ணை) ஏற்றிவிட்டால் போதும் என்பவர்களும் உண்டு. இல்லாமற்போன உறிஞ்சலை எந்தக் காரணியால் வகுப்பார்களாம்?

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றுதான். இழுப்பு நீடிக்கும் காலத்தை வைத்து அந்த வரியைப் பிரித்து எழுதுங்கள். குறுகிய இழுப்புக்கு எவ்வளவு உறிஞ்சலை நம்பலாம், நீடித்த இழுப்புக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எண்ணாகத் தாருங்கள். எண் தர முடியாதென்றால், நீடித்த இழுப்புக்கு உறிஞ்சலை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றாவது எழுதிவிடுங்கள். நான்காம் பதிப்புக்கு முன் எங்கள் பதிவுகளைப் பார்க்க விரும்பினால் அனுப்பிவைக்கிறேன், அந்தச் சனிக்கிழமையினுடையதையும் சேர்த்து.

பணிவுடன்,
ஒரு மண்ணியல் பொறியாளர்