ஞாயிறு ஆட்டம்: பொம்மை உயரமும் பகடையும்

எல்லோருக்கும் வணக்கமுங்க. ஞாயிறு பீளமேட்டில் வார்ஹாமர் 40,000 ஆட்டம்; சின்ன வீரர் பொம்மைகளை மேசையில் நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு. அதற்கு முன் ஒரு விஷயம். பொம்மையின் ஏதாவது ஒரு பகுதி எதிராளி பொம்மையின் பார்வையில் பட்டாலே சுடலாம். அதனால்தான் சிலர் நிற்கிற வீரனை வெட்டிப் படுக்க வைத்து ஒட்டி, சுவருக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். "விதிப் புத்தகத்தில் தடை எங்கே?" என்று வாதாட வேண்டாம். அழகுக்காக எப்படி வேண்டுமானாலும் மாற்றுங்கள். உயரத்தையும், பொம்மை நிற்கும் அடித்தட்டையும் பெட்டியில் வந்தபடியே கணக்கில் வைப்போம்.

நகர்த்தும்போதே "இங்கே நின்றால் தெரியாது, சரிதானே?" என்று கேட்டுவிட்டால் பாதிச் சண்டை வராது. அப்படியும் ஒத்துவராவிட்டால் ஆளுக்கொரு பகடை, பெரிய எண் வந்தவர் சொன்னபடி. சாய்ந்து நின்ற பகடையை மறுபடி உருட்டணும்.

அப்புறம், அளவெல்லாம் அங்குலத்தில்தான். திருப்பூர்க்காரர்கள் தையல் டேப்பையே கொண்டு வரலாம்.