தற்காலிக வகுப்பறையை எப்போது எடுப்பீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளில் தற்காலிக வகுப்பறைகள் அமைக்க மறுபடியும் நிதி ஒதுக்கியிருப்பதாக உங்கள் இதழில் படித்தேன். எத்தனை அறை, எவ்வளவு தொகை எல்லாம் போட்டிருந்தீர்கள். அந்த அறைகளை எப்போது எடுப்பார்கள் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை, அரசு அதைச் சொல்லவே இல்லை போலிருக்கிறது.

நான் பதினோரு வருடம் தகரக் கொட்டகையில் பாடம் நடத்தியவள். போடும்போது இரண்டே வருடம்தான், அதற்குள் புதுக் கட்டடம் வந்துவிடும் என்றார்கள். மரத்தடிக்கு இது எவ்வளவோ மேல் என்று நாங்களும் சந்தோஷமாகத்தான் போனோம். அப்புறம் மழைக்காலம் வந்தது. தகரத்தில் மழை விழ ஆரம்பித்தால் முதல் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கே என் குரல் கேட்காது, கரும்பலகையில் எழுதிப் போட்டு நிறுத்திக்கொள்வேன். கோடையிலோ மதியத்துக்கு மேல் பிள்ளைகள் கண் சொருகி உட்கார்ந்திருப்பார்கள். கவனிக்கவில்லை என்று அவர்களைத் திட்டியிருக்கிறேன், அதை நினைத்தால் இப்போதும் மனசு வலிக்கிறது. எனக்கு வழியனுப்பு விழாவும் அதே கொட்டகையில்தான் நடந்தது.

வசதியான நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1996இல் சின்ன வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம் என்று நல்ல எண்ணத்தில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். இடம் போதாமல், முன்பே செய்து வைத்து அப்படியே கொண்டுவந்து இறக்கும் தயார்நிலை அறைகளை அவசர அவசரமாக வாங்கிப் போட்டார்கள். 2004இல் அந்த மாநில அரசே ஆராய்ந்து பார்த்தபோது, காற்றோட்டம் போதவில்லை, அதற்கான இயந்திரம் போடும் சத்தம் தாங்காமல் ஆசிரியர்களே அதை அணைத்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. படித்தபோது என் தகரக் கூரைதான் ஞாபகம் வந்தது. இங்கிலாந்தில் 1947இல் கட்டாயக் கல்வி வயதை 15 ஆக உயர்த்தியபோது போட்ட கொட்டகைகள் சில, பல பத்தாண்டுகள் கழித்தும் வகுப்பறையாகவே இருந்தன.

ஏன் இப்படி நீள்கிறது என்றால், பணம் வரும் வழி அப்படி. நிரந்தரக் கட்டடத்துக்கு ஒரே தடவையில் பெரிய தொகை வேண்டும், நிலம், வரைபடம், பல படி ஒப்புதல் என்று இழுக்கும். தற்காலிக அறைக்கு இந்த வருடச் செலவில் ஒரு வரி போட்டால் போதும். அடுத்த வருடம் வாடகை அல்லது பராமரிப்பு என்று இன்னொரு வரி, மின்இணைப்பு தனி, தரை போடுவது தனி, இடம் மாற்றினால் ஏற்றி இறக்கும் கூலி தனி. ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரிவதால் யாரும் கேள்வி கேட்பதில்லை, பத்து வருடத்துக்கும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை எந்த மேசையிலும் இல்லை. கொட்டகை இருப்பதாலேயே அந்தப் பள்ளிக்கு அவசரம் இல்லை என்று கட்டடப் பட்டியலில் கீழே தள்ளிவிடுவதும் நடக்கிறது.

தற்காலிக அறையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெள்ளம், நிலநடுக்கம் என்றால் மறுநாளே பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும். 2023இல் பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது, கான்கிரீட் கூரை நம்பத்தகுந்ததாக இல்லை என்று இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிக் கட்டடங்களை மூடச் சொன்னார்கள், அப்போது வேறு என்ன செய்ய முடியும்? ஆனால் தற்காலிகம்தானே என்று பாதுகாப்பில் கை வைக்கக் கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளியின் கீற்றுக் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். கீற்றுக்குப் பதில் தகரமோ பலகையோ வந்துவிட்டால் போதாது, வெளியேற இரண்டு வழியும் சரியான மின்வயரும் இருக்கிறதா என்று வருடா வருடம் பார்க்க வேண்டும்.

நான் கேட்பது இதுதான். நிதி ஒதுக்கும் அதே ஆணையில் அறையை எடுக்கும் தேதியும், அதற்குப் பதிலாக வரப்போகும் கட்டடத்துக்கான ஒப்புதலும் இருக்கட்டும். தேதி தாண்டினால் காரணத்தையும் அதுவரை ஆன மொத்தச் செலவையும் பள்ளி வாசலில் பெற்றோர் பார்க்கும்படி எழுதி வையுங்கள். உங்கள் நிருபர்களும் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, தொகையோடு அந்தத் தேதியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்