தழும்பைப் பார்க்கும்போது இரத்த அழுத்தத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காயம் ஆறிய பிறகும் அடங்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்துப் படரும் தழும்பை மருத்துவர்கள் கெலாய்டு என்கிறார்கள். அதை வெறும் அழகுக் குறையாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வழக்கத்தால் என் தங்கைக்கு நேர்ந்ததைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவளுக்கு 19 வயதில் நெஞ்சின் நடுவே ஒரு பரு வந்து ஆறியது. ஆறிய இடத்தில் எழும்பிய சிறு முடிச்சு, சில ஆண்டுகளில் நண்டு கால் பரப்பியதுபோல் இரு பக்கமும் நீண்டுவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்குப் பெயரிட்ட பிரெஞ்சு மருத்துவர் ஆலிபேர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அப்பெயரை எடுத்தார் என்று பின்னால் படித்தபோது எனக்கு அவள் நெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. கோடையில் ரவிக்கையின் ஓரம் உரசினால் போதும், இரவு முழுக்க அரிப்பு. ஸ்டீராய்டு ஊசியைத் தழும்புக்குள்ளேயே போடுவார்கள்; கல்போன்ற அந்தச் சதைக்குள் மருந்து இறங்கும்போது அவள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்த இடம் சிவந்து கிடக்கும். இப்படி 11 ஆண்டுகள், மூன்று மருத்துவமனைகள். ஒருமுறைகூட யாரும் அவள் கையில் பட்டையைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கவில்லை. 38 வயதில் பல் பிடுங்கப் போன இடத்தில் பார்த்தபோது 170/110 இருந்தது. சிறுநீரில் புரதம் போகத் தொடங்கியிருந்ததும் அதன் பிறகே தெரிந்தது.

தழும்பால்தான் அழுத்தம் வந்தது என்று நான் வாதிடவில்லை. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதையும் தேடிப் பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது என்பதே என் வாதம். இரத்த அழுத்தம் கூடுதலாக உள்ளவர்களிடம் கெலாய்டுகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் அதிகமாகவும் இருப்பதை ஜப்பானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரின் உடல்நலத் தகவல்களைத் திரட்டி வைத்திருக்கும் யுகே பயோபேங்கைக் கொண்டு செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. கறுப்பின மக்களிடம் இத்தழும்புக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும், ஆசிய வம்சாவளியினரிடம் இதற்கும் எக்சிமா எனப்படும் கரப்பானுக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது. இரத்தக் குழாய்களைச் சுருக்கி அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற பொருளே, தழும்பைக் கட்டும் கொலாஜன் நாரை உண்டாக்கும் செல்களையும் தூண்டக்கூடியது என்பதால், இத்தொடர்பைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது எளிதல்ல. கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டியோடும் இதைச் சேர்த்துப் பேசுவதுண்டு. ஆனால் அங்கே ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, எனவே அதைச் சொல்லிப் பெண்களைப் பயமுறுத்த வேண்டியதில்லை.

சர்க்கரை நோயாளிகள் வேறொரு காரணத்துக்காகக் கவனமாக இருக்க வேண்டும். தழும்பில் போடும் ஸ்டீராய்டில் ஒரு பங்கு இரத்தத்தில் கலந்து சில நாள்களுக்குச் சர்க்கரையை ஏற்றக்கூடும். ஊசிக்கு முன் தங்கள் நோயைச் சொல்லிவிடுவது அவர்களுக்கு நல்லது. வெட்டி எடுத்தால் ஒழிந்துவிடும் என்று நம்பி அறுவை சிகிச்சைக்கு அவசரப்படுவதும் வேண்டாம். வேறு சிகிச்சை ஏதும் சேர்க்காமல் வெட்டி மட்டும் எடுத்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது திரும்ப வளர்கிறது, சிலருக்கு முன்னைவிடப் பெரிதாக.

அரசு மருத்துவமனைகளின் தோல் நோய்ப் பிரிவில், கெலாய்டோடு வருகிறவர்களின் ஓ.பி. சீட்டில் இரத்த அழுத்தத்தையும் கட்டாயம் குறிக்க வேண்டும் என்று சுகாதாரத் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். கருவி எல்லா மருத்துவமனையிலும் இருக்கிறது. ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் ஆகும். வயது இருபதுகளில் இருக்கிறது என்பதற்காக யாரையும் விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் இத்தழும்பு பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள்தான் தோன்றுகிறது. அந்த வயதில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் ஒரு தோல் மருத்துவரையும் ஒரு பொதுநல மருத்துவரையும் சேர்த்து இதுபற்றி எழுதச் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.