லங்காஸ்டர் வர்றப்ப மைக்க ஆஃப் பண்ணுங்க: எங்க ஊர் திருவிழா கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கமிட்டி பெரியவங்களுக்கு வணக்கம். உங்கள்ல ஒருத்தர் நம்ம தமிழ் ஆளுங்கறதால தமிழ்லயே எழுதறேன், மத்தவங்களுக்கு அவரே எடுத்துச் சொல்லிக்கட்டும்.

இங்கிலாந்துல இந்த லிங்கன்ஷயர்ல கோடை திருவிழான்னா கேக் கடை, நாய்ப் போட்டி, ராஃபிள்ங்கற பரிசுச் சீட்டுக் குலுக்கல் எல்லாம் எல்லா ஊர்லயும் இருக்கும், ஆனா கோனிங்ஸ்பி விமானப்படை தளத்துல இருந்து கெளம்புற லங்காஸ்டர், அதான் ரெண்டாம் உலகப் போர்ல குண்டு போட்ட பழைய விமானம், நம்ம மைதானத்துக்கு மேல போறது எல்லாருக்கும் கெடைக்காது. 7,377 செஞ்சதுல இன்னிக்கு பறக்கற நெலமையில ரெண்டே ரெண்டுதான், ஒண்ணு கனடாவுல, இன்னொண்ணு இது. காத்து பலமா அடிச்சாலோ மேகம் தாழ்ந்தாலோ வரவே வராது. அப்படிப்பட்டது வந்து, நாலு மெர்லின் இன்ஜினும் கையில இருக்கற டீ கப்ப அதிர வைக்கறப்ப, மைக்ல பச்ச டிக்கெட் நம்பர் யார்கிட்டன்னு கூவிட்டு இருந்தீங்க. நல்லா இருக்கா இது? அடிவயித்து கறுப்பு பெயின்ட்டும் வால்ல இருக்கற கண்ணாடிக் கூண்டும் தெரியற அளவுக்கு தாழ்வா போச்சு, பாதிப் பேர் டிக்கெட்டத்தான் தேடிட்டு இருந்தாங்க.

அடுத்த வருஷம் அது வர்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஏதாவது சொல்லுங்க. அந்தப் போர்ல இந்த மாதிரி விமானங்கள ஓட்டின பிரிட்டிஷ் குண்டு வீச்சுப் படையான பாம்பர் கமாண்ட்ல செத்தவங்க 55,573 பேர்னு சொல்லுங்க, அவங்க போட்ட குண்டு விழுந்த எடத்துல ஜெர்மனியில ஹாம்பர்க் மாதிரி ஊர்கள்ல சனங்களும் செத்தாங்கன்னு அதையும் சேத்தே சொல்லுங்க, முழுங்காதீங்க.

கூட அந்தக் காலத்து சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரோ ஹரிக்கேனோ வந்தா இன்னொண்ணும் சொல்லணும். 79, 234, 264, பிரிட்டிஷ் விமானப்படையோட இந்த மூணு ஸ்க்வாட்ரனுக்கும் (படைப்பிரிவுக்கும்) 'மெட்ராஸ் பிரசிடென்சி'ன்னு பேர் இருந்துச்சு, போர் நேரத்துல நம்ம மெட்ராஸ் பக்கம் வசூல் பண்ணி அனுப்பின காசுக்காக. மனசார குடுத்தவங்களும் இருப்பாங்க, குடுக்க வேண்டி வந்தவங்களும் இருப்பாங்க. மெட்ராஸ் மாகாணம்னா தமிழ்நாடு மட்டும் இல்ல, ஆந்திரா கரையும் மலபாரும் சேர்ந்ததுதான், அதனால பெருமைய நாம மட்டும் எடுத்துக்க வேணாம். 1940ல 79 ஹரிக்கேன் ஓட்டிச்சு, 234 ஸ்பிட்ஃபயர். 264 பாவம், டிஃபையன்ட்ங்கற சண்டை விமானம். அதுல முன்னாடி சுடற துப்பாக்கியே கெடையாது, பைலட்டுக்குப் பின்னாடி சுத்துற கூண்டுல மட்டும் நாலு. ஆகஸ்ட் கடைசியில லண்டன் பக்கத்து ஹார்ன்சர்ச் தளத்துல செம அடி வாங்கிட்டு திரும்பி வந்தது எங்க தெரியுமா, நம்ம கிர்ட்டன் இன் லிண்ட்சி தளத்துக்குத்தான்! இதே கவுண்டி. இந்த ஊர் சனத்துக்கு இது தெரியுமா? நம்ம பிள்ளைங்களுக்காவது தெரியுமா?

எழுதித் தர நான் ரெடி, யார் வேணா படிக்கட்டும். ராஃபிள் மட்டும் விமானம் போனதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க, அந்த நேரத்துல ட்ரோன் விடறவங்களையும் கொஞ்சம் கண்டிச்சு வைங்க.